சிவப்பு லைட் மாஸ்க் வாங்கலாமா? குன்னூரிலிருந்து கேட்டவருக்கு

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 47, ஆசிரியை, குன்னூரில் வீடு, ஊட்டியில் பள்ளி, தினமும் பஸ்ஸில் போய்வருகிறார். கண்ணோரத்தில் கோடுகள், கழுத்தில் தளர்ச்சி, இரண்டு கன்னத்திலும் மங்கு. பார்லரில் சிவப்பு லைட் பத்து சிட்டிங் எடுக்கச் சொல்கிறார்களாம், தம்பியோ ஆன்லைனில் 14,500 ரூபாய்க்கு ஒரு மாஸ்க் பார்த்து வைத்திருக்கிறானாம். வாங்கலாமா, வாங்கினால் அம்மாவின் முட்டி வலிக்கும் அதையே வைக்கலாமா, "நீங்கள் இந்த லைட்டெல்லாம் வைத்தவர்தானே அக்கா" என்று கேட்டிருக்கிறார்.

வைத்தவள்தான். கோத்தகிரியில் இருபது வருஷத்துக்கு மேல் பிசியோதெரபி பார்த்தேன். என் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, 'கரண்ட் வைக்கிற அக்கா' என்றால் தெரியும். தோல் மருத்துவர் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் முகத்துக்கு மாஸ்க் என்று ஒன்று கடைக்கு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே இந்தச் சிவப்பு ஒளியை லேசர் என்ற பெயரில் தோள்பட்டைக்கும் குதிகாலுக்கும் வைத்துப் பழகியவள். நேரடிப் பதில் வேண்டுமென்றால்: ஏமாற்று வேலை இல்லை, கொஞ்சம் பலன் உண்டு, ஆனால் நீங்கள் சொல்கிற முகத்துக்கு முதலில் வாங்க வேண்டிய பொருள் அது இல்லை.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பிசியோ சென்டரில் முதுகுக்குக் காட்டுகிற பெரிய சிவப்பு பல்பு வேறு, இது வேறு. அந்த பல்பு சூடு கொடுப்பதற்கு. மாஸ்க்கில் இருப்பது எல்.இ.டி.; 630 முதல் 660 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள சிவப்பு, கூடவே 830, 850 பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. புற ஊதா இதில் கிடையாது. சூடும் இதற்குத் தேவையில்லை, முகம் கொதிக்கிறது என்றால் அது நல்ல மாஸ்க் இல்லை. கரண்ட் போன ராத்திரியில் டார்ச்சை உள்ளங்கையால் மூடிப் பார்த்திருப்பீர்கள், விரல் இடுக்கெல்லாம் செக்கச்செவேலென்று தெரியும். டார்ச் வெளிச்சம் வெள்ளைதான், அதிலிருக்கிற நீலமும் பச்சையும் தோலிலும் ரத்தத்திலும் மாட்டிக்கொண்டுவிட, சிவப்பு மட்டும் தாண்டி வருகிறது. சிகிச்சைக்குச் சிவப்பு பொருந்திவந்ததற்கு இது ஒரு காரணம். (அகச்சிவப்பு எல்.இ.டி. எரிகிறதா என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. செல்போன் கேமராவில் பாருங்கள், பல போன்களில் லேசான ஊதா நிறத்தில் மினுங்கும்.)

இதைக் கண்டுபிடித்த கதை தற்செயல்தான். 1967-இல் ஹங்கேரியில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் லேசர் புற்றுநோயை உண்டாக்குமா என்று பார்க்க எலிகளின் முதுகை மழித்து அதன்மேல் ரூபி லேசரைக் காட்டினார். புற்றுநோய் வரவில்லை, மழித்த இடத்தில் முடிதான் மற்ற எலிகளைவிடச் சீக்கிரம் முளைத்தது. அவரே பிற்பாடு ஆறாத புண்களுக்கு இதைப் பயன்படுத்திப் பார்த்தார். 1990-களில் விண்வெளியில் செடி வளர்க்க நாசா சிவப்பு எல்.இ.டி.களைப் பயன்படுத்தியது, அந்த விளக்குகள் அப்படியே புண் ஆறும் ஆராய்ச்சிக்குள் வந்தன. இன்று ஒவ்வொரு மாஸ்க் பெட்டியிலும் 'நாசா தொழில்நுட்பம்' என்று போடுவது அந்த உறவை வைத்துத்தான். தூரத்து உறவு.

உள்ளே என்ன நடக்கிறது என்பதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோக்ரோம் சி ஆக்ஸிடேஸ் என்ற நொதி இந்த ஒளியை உறிஞ்சுகிறது, செல்லுக்குக் கிடைக்கும் ஆற்றல் கூடுகிறது, அதன் விளைவாக, தோலை உறுதியாக வைக்கிற கொலாஜன் என்ற புரதத்தைச் செய்கிற செல்கள் கொஞ்சம் சுறுசுறுப்பாகின்றன என்பது. இது முழுக்கச் சரியா என்று ஆராய்ச்சியாளர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். போடட்டும், நமக்கு முக்கியம் முகத்தில் தெரிகிறதா என்பது.

தெரிகிறது, ஒரு அளவுக்கு. 2007-இல் கொரியாவில் 76 பேரை வைத்துச் செய்த ஆய்வில் வாரம் இரண்டு முறை, நான்கு வாரம், முகத்தின் ஒரு பாதிக்கு மட்டும் ஒளி காட்டினார்கள். சுருக்கம் அதிகபட்சம் 36 சதவீதம் குறைந்தது, தோலின் இழுவைத் தன்மை அதிகபட்சம் 19 சதவீதம் கூடியது. விளம்பரத்தில் அந்த 36 வரும், 'அதிகபட்சம்' என்ற சொல் வராது. இன்னொன்றும் வராது: அந்த ஆய்வில் 633 நானோமீட்டர் சிவப்பை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 126 ஜூல் (ஒளி ஆற்றலின் அளவு) கொடுத்தார்கள். உங்கள் தம்பி பார்த்த மாதிரி மாஸ்க் ஒன்று சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிவாட் கொடுக்கிறது, பத்து நிமிஷம் வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மில்லிவாட்டை நொடியால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் ஜூல். 30-ஐ 600-ஆல் பெருக்கினால் 18,000, ஆயிரத்தால் வகுத்தால் 18. அதாவது ஏழில் ஒரு பங்கு.

சரி, அப்போ வீட்டு மாஸ்க் வீணா என்றால் அதுவும் இல்லை. 2014-இல் ஜெர்மனியில் வந்த ஆய்வு ஒன்றில் 136 பேர். அதில் சிவப்புப் பகுதியின் அளவு சுமார் 9 ஜூல்தான், ஆனால் வாரம் இரண்டு தடவை வீதம் 30 தடவை. அவர்களுக்கும் தோலின் சொரசொரப்பு குறைந்தது, அல்ட்ராசவுண்டில் கொலாஜன் அடர்த்தி கூடியது தெரிந்தது. ஆக, குறைந்த அளவு என்றால் மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். அளவைக் கூட்டினால் சீக்கிரம் நடக்கும் என்று ஒரு மணி நேரம் வைத்தால் நடக்காது, இதில் ஒரு வரம்புக்கு மேல் போனால் பலன் திரும்பக் குறைகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது தெரியாமல், ஒரு டிரைவரின் முழங்கைக்கு 'நல்லா வையுங்கம்மா' என்று அவர் கேட்டதற்காக இரண்டு மடங்கு நேரம் வைத்து, வலி குறையாமல் அவர் என்னைத் திட்டிவிட்டுப் போனது ஞாபகம் இருக்கிறது. பார்லர் பத்து சிட்டிங் என்பதும், ஒளியின் அளவு தெரியாவிட்டால், இந்தக் கணக்கில் இடிக்கிறது. எத்தனை மில்லிவாட், எவ்வளவு தூரத்தில், எத்தனை நிமிஷம் என்று கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் நீங்கள் காசு கொடுப்பது வெளிச்சத்துக்கு இல்லை, ஏசி ரூமுக்கும் ஃபேஸ் மசாஜுக்கும்தான்.

என்ன மாறாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கழுத்துத் தளர்ச்சி, தாடைக்குக் கீழே தொங்கல், மூக்கிலிருந்து வாயோரம் இறங்குகிற ஆழமான மடிப்பு, இவற்றுக்கெல்லாம் அடியில் கொழுப்பும் எலும்பும் தசையும் மாறியிருக்கிறது, ஒளியில் அது திரும்பாது. கண்ணோரத்து மெல்லிய கோடுகளும் தோலின் மேல்தரமும்தான் இதன் எல்லை.

இனி இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததற்கான உண்மையான காரணத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் எனக்குக் கண்ணில் பட்டது சுருக்கம் இல்லை, தினமும் ஊட்டி பஸ். சன்ஸ்கிரீன் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இங்கே யாரும் போடுவதில்லை, நானும் நாற்பது வயது வரை போட்டதில்லை. குளிர் ஊர், மூடுபனி, எட்டு மாதம் ஸ்வெட்டர், இதில் வெயிலுக்கு என்ன கிரீம் என்று சிரிப்போம். கோயம்புத்தூர்க்காரர்கள்தான் அதெல்லாம் போட வேண்டும் என்று நினைப்போம். நிஜம் தலைகீழ். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. அடிவாரத்து மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் சுமார் 1,900 மீட்டர் உயர வித்தியாசம், ஆக ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். அதோடு நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். ஏப்ரல் மூன்றாம் வாரம் மத்தியானம் வெளியே வந்து நின்று பாருங்கள், நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். மேகம் காப்பாற்றும் என்றும் நம்பாதீர்கள், மெல்லிய மேகத்தைப் புற ஊதாவில் பெரும்பகுதி தாண்டி வந்துவிடும். 1899-இல் சூரியனைப் பார்க்க ஆய்வகம் கட்ட வெள்ளைக்காரன் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை, உயரத்தில் காற்று மெலிந்து தூசி இல்லாமல் இருக்கிறது, சூரியன் தெளிவாகக் கிடைக்கிறது. எவர்ஷெட் என்ற வானியலாளர் அங்கே 1909-இல் சூரியனைப் பற்றிப் பெரிய கண்டுபிடிப்பே செய்தார். அதே தெளிவான சூரியன்தான் நம் கன்னத்திலும் விழுகிறது.

மலையில் இன்னொரு வழக்கம், வெயில் காய்வது. டிசம்பர், ஜனவரியில் காலையில் உறைபனி, பத்து மணிக்கு மேல் வாசலில் நாற்காலி போட்டு முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு பட்டாணி உரிப்போம். குளிர்ந்த காற்றில் சுடுவது தெரியாது, ஏனென்றால் சூடு வேறு, புற ஊதா வேறு. கொழுந்து பறிக்கிற பெண்களைக் கவனியுங்கள், தலைத்துணியை நெற்றி வரை இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஐம்பது வயதில் துணி மறைத்த நெற்றி ஒரு வயதும் வெயில் பட்ட கன்னமும் மூக்கும் வேறொரு வயதும் காட்டும். என்னிடம் தோள்வலிக்கு வந்தவர்கள் எத்தனையோ பேரில் இதைப் பார்த்திருக்கிறேன். மருத்துவப் பத்திரிகையில் 2012-இல் ஒரு படம் வந்து பிரபலமானது: 28 வருஷம் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர், ஜன்னல் பக்கமான இடது முகம் மட்டும் தடித்து, மடிப்பு மடிப்பாக, வலது பக்கத்தைவிடப் பல வயது மூத்துத் தெரியும். நம் ஊரில் டிரைவருக்கு வலது பக்கம். உங்களுக்கு, நீங்கள் பஸ்ஸில் வழக்கமாக எந்த ஜன்னலோரம் உட்காருகிறீர்களோ அந்தப் பக்கம். கண்ணாடியில் பார்த்து எனக்குச் சொல்லுங்கள்.

ஆஸ்திரேலியாவில் 903 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் தினமும் சன்ஸ்கிரீன் போடச் சொல்லி, மறுபாதியை அவரவர் இஷ்டத்துக்கு விட்டு, நாலரை வருஷம் கழித்துத் தோலை ஒப்பிட்டார்கள். தினமும் போட்டவர்களுக்குத் தோல் முதிர்ச்சி 24 சதவீதம் குறைவு. 2013-இல் முடிவு வெளியானது. இதற்குப் பக்கத்தில் நிற்கிற அளவுக்கு நீண்ட, பெரிய ஆய்வு எந்தச் சிவப்பு மாஸ்க்குக்கும் கிடையாது. மாஸ்க் ஆய்வுகள் பெரும்பாலும் சில பத்துப் பேர், சில வாரம், சிலதில் காசு கொடுத்ததே விளக்குக் கம்பெனி. எஸ்.பி.எஃப். 30-க்கு மேல், யு.வி.ஏ. என்ற புற ஊதா வகையையும் தடுக்கிறது ஒன்று வாங்கி, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி முகம், கழுத்து, காது வரை போடுங்கள். பொட்டு வைக்கிற அளவு போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்கிறவர்கள்தான் அதிகம்.

அடுத்து மங்கு. இதில்தான் மாஸ்க் விஷயத்தில் கவனம் வேண்டும். மங்குக்குப் புற ஊதா மட்டும் எதிரி இல்லை, கண்ணுக்குத் தெரிகிற ஒளியில் நீலம், ஊதாப் பக்கமும் எதிரி, அதுவும் நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கு. 2014-இல் ஒரு ஆய்வில் 415 நானோமீட்டர் நீல-ஊதா ஒளி தோலைக் கருக்கியது, 630 சிவப்பு கருக்கவில்லை. அதனால் தனிச் சிவப்பு பரவாயில்லை. ஆனால் குறைந்த விலையில் வருவதெல்லாம் 'ஏழு கலர் மாஸ்க்'. பருவுக்கு நீலம், அதற்குப் பச்சை, இதற்கு மஞ்சள் என்று ரிமோட்டில் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் அதை யாராவது நீலத்தில் வைத்துவிட்டால் மங்கு ஏறும். சூடும் மங்கைக் கிளப்பும், எனவே முகம் சூடாகிற மாஸ்க், ரூம் ஹீட்டருக்குப் பக்கத்தில் முகத்தை நீட்டி உட்காருவது, விறகடுப்பு, எல்லாமே உங்களுக்கு ஆகாது. அளவு விஷயத்திலும் வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் சிவப்பு எல்.இ.டி. எவ்வளவு வரை தாங்கும் என்று பார்த்த ஆய்வுகளில் வெள்ளைத் தோலுக்கு 480 ஜூல் என்றும் கருந்தோல், மாநிறத் தோலுக்கு 320 என்றும் வந்தது, அதற்கு மேல் போனால் கொப்புளமும் கருமையும். வீட்டு மாஸ்க் இந்த எண்ணுக்கு வெகு கீழே இருப்பதால் பயப்பட வேண்டாம், ஆனால் வெளிநாட்டுப் பெட்டியில் எழுதியிருக்கிற நேரத்தில் பாதியில் ஆரம்பித்து இரண்டு வாரம் பார்த்துவிட்டுக் கூட்டுவது புத்திசாலித்தனம். மங்குக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாகத் தோல் நிறத்தில் இருக்கிற சன்ஸ்கிரீன் வாங்குங்கள், தெரிகிற ஒளியையும் அதுதான் கொஞ்சம் தடுக்கும்.

மங்குக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய கிரீம் ஏதாவது போடுகிறீர்களா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் பத்தில் எட்டுப் பேர் போடுவார்கள் என்பது என் அனுபவம். அதில் ஸ்டீராய்டு கலந்தது நிறைய. முதல் மாதம் முகம் பளபளக்கும், அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, நரம்பு தெரிய ஆரம்பிக்கும். அப்படி ஒன்று போட்டுக்கொண்டிருந்தால் மாஸ்க் பேச்சை விடுங்கள், டியூபை எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். அவரிடமே ட்ரெட்டினாயின் பற்றியும் கேளுங்கள். வெயிலால் முதிர்ந்த தோலுக்கு 1980-களிலிருந்து நிரூபணம் உள்ள, தோலில் தடவுகிற மருந்து, மாஸ்க்கைவிடப் பல மடங்கு மலிவு. சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாதது, கர்ப்பிணிகளுக்கு ஆகாது. மலைக் குளிரில் காய்ந்த காற்றுக்கு உரிந்து எரியும், வாரத்துக்கு இரண்டு ராத்திரி என்று தொடங்கினால்தான் தாங்கும்.

இன்னொன்று, தோல் காய்ந்துபோவது, நம் ஊர் முகத்தில் பாதி 'சுருக்கம்' அந்தக் காய்வுதான். கீசர் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, சோப்பு போட்டுக் கழுவி, ஒன்றும் தடவாமல் குளிர்காற்றில் போனால் இருபது வயதுக்காரிக்கும் கோடு விழும். வெதுவெதுப்பான தண்ணீர், ஈரம் காய்வதற்குள் ஏதாவது ஒரு மாய்ஸ்சரைசர். ஒரு வாரத்தில் மறைகிற கோடெல்லாம் முதுமைக் கோடு இல்லை.

என் அனுபவம் கேட்டால், தங்கை அனுப்பிய மாஸ்க்கைப் பன்னிரண்டு வாரம், வாரம் ஐந்து நாள் வைத்தேன். ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஒரே போனில் படம். படத்தில் கண்ணோரம் கொஞ்சம் தெளிந்திருந்தது என்று எனக்குத் தோன்றியது, வீட்டுக்காரருக்குத் தோன்றவில்லை, மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தும். விட்டு நாலு மாதத்தில் பழையபடி ஆனது. அதற்கு முன்னால் நானே ஒரு சிவப்பு லைட் பேனல் வாங்கி ஏமாந்திருக்கிறேன், பெட்டியில் அலைநீளம் இருந்தது, மில்லிவாட் எண் எங்கேயும் இல்லை, கேட்டு எழுதினால் 'மருத்துவத் தரம்' என்று பதில் வந்தது. பெட்டியில் 'எஃப்.டி.ஏ. அப்ரூவ்டு' (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி) என்று இருந்தாலும் மயங்காதீர்கள். இந்த மாதிரிக் கருவிகள் அங்கே பெரும்பாலும் 'கிளியர்' ஆகின்றன, ஏற்கெனவே விற்பனையில் உள்ள ஒன்றைப் போன்றது, ஆபத்து குறைவு என்பதுதான் அதன் பொருள். நன்றாக வேலை செய்யும் என்ற சான்றிதழ் இல்லை.

கண்ணுக்கு மட்டும் சமரசம் வேண்டாம். அகச்சிவப்பு தெரியாததால் கண் சுருங்கிக்கொள்ளாது. 2019-இல் ஒரு பெரிய கம்பெனி தன் பரு மாஸ்க்கையே, கண் நோய் உள்ள சிலருக்கு ஆபத்து வரலாம் என்று திரும்பப் பெற்றது. விழித்திரைப் பிரச்சினை இருந்தால், லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்குகிற நோய்) இருந்தால், வெளிச்சத்துக்குக் கூசவைக்கிற மாத்திரை சாப்பிட்டால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

ஆகவே 14,500-ஐ இப்போதைக்குத் தம்பியிடமே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆறு மாதம் சன்ஸ்கிரீன், மாய்ஸ்சரைசர், டாக்டர் சொன்னால் ட்ரெட்டினாயின். பஸ்ஸில் ஜன்னலோரம் வேண்டாம், வேண்டுமென்றால் சேலைத் தலைப்பு இருக்கவே இருக்கிறது. அதற்கப்புறமும் ஆசை இருந்தால் சிவப்பும் அகச்சிவப்பும் மட்டும் உள்ள, மில்லிவாட் எண் போட்ட, திருப்பிக் கொடுக்க முடிகிற மாஸ்க்காகப் பார்த்து வாங்குங்கள், நான் தடுக்கவில்லை.

அம்மாவின் முட்டிக்கு அந்த மாஸ்க் ஆகாது. முட்டித் தேய்மானத்துக்கு ஒளி உதவுகிறது என்று 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019 தொகுப்பு ஒன்று சொல்கிறது, ஆனால் அது 785 முதல் 860 நானோமீட்டர் லேசரை மூட்டைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக, இடத்துக்கு 4 முதல் 8 ஜூல் வைத்தால். முகத்துக்கு வளைத்த பிளாஸ்டிக்கை முட்டியில் கட்டினால் அது வராது. பக்கத்து பிசியோவிடம் லேசர் இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவரை அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு காலை நேராக நீட்டி, தொடை இறுகப் பத்து எண்ணி இறக்கச் சொல்லுங்கள், ஒரு காலுக்குப் பத்துத் தடவை, காலையும் மாலையும். மழைநாளில் குளிருது என்று போர்வைக்குள் போய்விடுவார். அன்றைக்குப் போர்வையோடேயே செய்யச் சொல்லுங்கள்.